கல்வாசலுக்கு அந்தப் பக்கம்

எங்கள் விடுதிக்கு வருகிறவர்கள் பூட்ஸைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவார்கள். எந்தக் கணவாயில் ஏறினார்கள், எங்கே சைக்கிளைத் தோளில் தூக்கினார்கள், எந்த வளைவில் மூச்சு அடைத்தது, எல்லாம். நான் சூப் ஊற்றிக்கொண்டே கேட்பேன். முதல் சில வருஷம் ஆசையாகக் கேட்டேன். அப்புறம் காதில் விழுந்தது, அவ்வளவுதான். அதற்கும் அப்புறம், யாராவது "அடடா, அந்தப் பக்கம் இறங்கும்போது பாக்கணுமே!" என்று தொடங்கினால், கையிலிருக்கும் கரண்டியை அவர் தலையில் போடலாமா என்று தோன்ற ஆரம்பித்தது.

விடுதிக்கு மேலே ஒரு மணி நேர ஏற்றத்தில் கல்வாசல் இருக்கிறது. இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும் நடுவே உள்ள நடைபாதைக் கணவாய். வண்டி போகாது. தார்ச்சாலை ஏறும் கணவாய் பக்கத்து மடிப்பில் இருக்கிறது, ஆட்டுக்குட்டிக் கணவாய் என்று அதற்குப் பெயர். பெயர்தான் ஆட்டுக்குட்டி. சைக்கிளில் ஏறிப் பார்த்தால் ஓநாய். கல்வாசல் வழியாகச் சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் பிரான்ஸுக்குள் இறங்கி, அங்கிருந்து தார்ச்சாலையில் ஆட்டுக்குட்டிக் கணவாய் ஏறி, மறுபடி எங்கள் கியானாலே ஊருக்கு வந்து சேர்ந்தால் அது ஒரு சுற்று. எங்கள் பள்ளத்தாக்கில் 'சுற்று' என்று சொன்னாலே இதுதான். தூரின்காரன் போயிருக்கிறான், டச்சுக்காரன் போயிருக்கிறான், இடுப்பெலும்பு மாற்றிக்கொண்ட ஒரு பாதிரியார் போயிருக்கிறார். வாசலிலேயே குடியிருக்கிற நான் போனதில்லை.

காரணம் எளிது. ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் கணவாய்களில் பனி விலகியிருக்கும். விடுதி திறந்திருப்பதும் அப்போதுதான். கணவாய் திறக்கிற அன்று என்னை அடுப்படியில் பூட்டுவார்கள். என்னைத் திறந்துவிடும்போது கணவாய் மூடியிருக்கும். என் கணவன் பஸ்தியானும் நானும் இந்த விடுதியைக் குத்தகைக்கு எடுத்து எத்தனையோ கோடை ஆகிவிட்டது. கல்வாசல் உச்சிவரை சில தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை கால் உடைந்த ஒருவரைத் தூக்கி வர. ஒரு தடவை தொலைந்துபோன நாயைத் தேட. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்பு ஞாபகம் வந்து ஓடி வந்துவிடுவேன்.

கல்யாணத்துக்கு முன் நான் நன்றாகச் சைக்கிள் ஓட்டுவேன். பஸ்தியானிடம் நான் முதலில் பார்த்தது அவன் முதுகைத்தான். ஆட்டுக்குட்டிச் சாலையில் எனக்கு முன்னால் நெளிந்து நெளிந்து ஏறிக்கொண்டிருந்தான். தாண்டிப் போனேன். உச்சியில் வந்து சேர்ந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே, "உன் பேரு என்ன?" என்றான். "இர்மா" என்றேன். "இர்மா, அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து சுத்து போலாம்" என்றான். அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது. அதற்கு அடுத்த வருஷம் விடுதி வந்தது.

இந்தக் கோடையின் தொடக்கத்தில், மெத்தைகளை வெயிலில் காயப்போடும்போது அவனிடம் சொன்னேன்.

"பஸ்தியான், இந்த வருஷம் எனக்கு ஒரு நாள் வேணும். சுத்து போகப் போறேன்."

"ஒரு நாள் என்ன, ரெண்டா எடுத்துக்க."

"ஒண்ணு போதும். அன்னைக்கு நீ அடுப்புல நிக்கணும்."

"நிக்கறேன். என்ன பெரிய விஷயம்?"

பஸ்தியான் கொடைவள்ளல். வாய் வார்த்தையில் அவன் வீடு, காடு, வானத்து நிலா எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிடுவான்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை வைத்தேன். சைக்கிள் டியூபுக்குக் காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ரொட்டியும் சீஸும் கட்டி வைத்தேன். காலையில் சரக்கு இழுக்கும் கம்பிவடத்தின் மோட்டார் நின்றுபோனது. காஸ் சிலிண்டரும் மாவும் அந்தரத்தில் நடுவழியில் தொங்கின. பஸ்தியான் எண்ணெய்க் கையோடு மோட்டாரைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். நான் கட்டி வைத்த ரொட்டியை அவனே தின்றான். "நல்லவேளை, கட்டி வச்ச" என்று பாராட்டும் கிடைத்தது.

இரண்டாவது தடவை ஆகஸ்ட் தொடக்கத்தில். எங்களோடு சமையலறையில் வேலை செய்கிற டொய்னா ருமேனியாவிலிருந்து வந்தவள். நாலு ஆள் வேலை செய்வாள். அன்று அவளுக்குப் பல்வலி. கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. அவளைக் கீழே டாக்டரிடம் அனுப்பிவிட்டு நான் அடுப்படிக்குத் திரும்பினேன். பல்வலியைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. ஆனாலும் அன்று முழுக்க அந்தப் பல்லைத் திட்டிக்கொண்டேதான் களி கிண்டினேன்.

மூன்றாவது தடவைதான் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது.

தூரினிலிருந்து ஒரு இன்ஜினியர் ஒவ்வொரு வருஷமும் நண்பர்களோடு வருவார். ருஜ்ஜேரோ என்று பெயர், நாங்கள் இன்ஜினியரே என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். வாய்தான் பொல்லாதது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் என்னைச் சீண்டாமல் எழுந்திருக்க மாட்டார்.

"இர்மா அம்மா, இந்த வருஷமாவது போனீங்களா?"

"நாளைக்குப் போறேன், இன்ஜினியரே."

"போன வருஷமும் இதே நாளைக்குத்தானே! கடலோரமா வீட்டைக் கட்டிட்டு காலையே நனைக்காத கதையால்ல இருக்கு."

மேசையே சிரித்தது. பஸ்தியானும் சிரித்தான். "நாளைக்கு அவ போறா. நானே அடுப்புல நிக்கப்போறேன்" என்று நெஞ்சைத் தட்டினான்.

மறுநாள் விடிந்தபோது வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு துண்டு மேகம் கிடையாது. நான் காலைச் சாப்பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, மதியத்துக்கு வெங்காயம் நறுக்கி வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தேன். வெளியே இன்ஜினியரின் கூட்டம் சைக்கிள்களோடு நின்றுகொண்டிருந்தது. பஸ்தியான் உள்ளே வந்து ஹெல்மெட்டைத் தேடினான்.

"எங்க போற?"

"இவங்களுக்கு மேல கல் சரிஞ்ச இடத்துல வழி தெரியாதாம். கல்வாசல் வரைக்கும் விட்டுட்டு வந்துடறேன். நீ வெங்காயத்தை முடிக்கறதுக்குள்ள வந்துருவேன்."

வெங்காயத்தை முடித்தேன். உருளைக்கிழங்கை வேகவைத்தேன். பத்து மணிக்கு வருவான் என்று பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு ஆள் வந்துவிட்டது. பரிமாறினேன். பாத்திரம் கழுவினோம். டொய்னா என் சைக்கிளை வெயிலிலிருந்து நகர்த்தி நிழலில் வைத்தாள். சாயங்காலம் வெயில் சாயும்போது கீழே கியானாலே பாதையிலிருந்து, அதாவது போன திசைக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து, பஸ்தியான் ஏறி வந்தான். முகம் சிவந்து, சட்டை உப்புப் பூத்து, அவ்வளவு சந்தோஷமாக இருந்தான்.

"சுத்து போயிட்டு வர்றியா?" என்று கேட்டேன்.

"நான் போகணும்னு நெனைக்கல, இர்மா. உச்சிக்குப் போனதும் அவ்வளவு தெளிவா இருந்துச்சு. இன்ஜினியரும் வாங்க வாங்கன்னு கையைப் புடிச்சு இழுத்தாரு. ஒரு பத்து நிமிஷம் எறங்கிப் பாப்போம்னு எறங்குனேன்..."

"பத்து நிமிஷம்."

"எறங்குனதுக்கப்புறம் திரும்பி ஏறறதுக்கு, சுத்தியே வந்துடலாம்னு ஆயிடுச்சு. நீ போயிருந்தா உனக்கும்..." என்று சொல்லி வந்தவன், வாயை மூடிக்கொண்டான்.

நான் கத்தவில்லை. கத்தினால் முப்பது பேர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அன்று ரவியோலே போட்டிருந்தேன். உருளைக்கிழங்கும் சீஸும் பிசைந்து உருட்டி வெண்ணெயில் புரட்டுகிற எங்கள் ஊர் உருண்டை. அவன் தட்டில் நாலு வைத்தேன். இன்னும் கேட்டான். பானையைக் கவிழ்த்துக் காட்டினேன்.

மறுநாள் காலை மேகம் ஜன்னல் வரை இறங்கியிருந்தது. பஸ்தியான் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தான். ஏப்ரனை அவிழ்த்து அவன் கழுத்தில் மாட்டினேன்.

"என்ன இது?"

"நான் கெளம்பறேன். சுத்து."

"இன்னைக்கா? மதியத்துக்கு மேல ஆலங்கட்டி விழும்னு ரேடியோல சொன்னான். மூஞ்சிக்கு முன்னாடி கை தெரியல. பைத்தியமா உனக்கு?"

"நேத்து வெயில் அடிச்சுது. நேத்து நீ போயிட்ட. எனக்கு மிச்சம் வச்சது இதுதான்."

"நாளைக்குப் போ, இர்மா. சத்தியமா நாளைக்கு..."

டொய்னா பாத்திரம் தேய்த்தபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "அக்கா, போறதுன்னா இப்பவே போங்க. இன்னும் ஒரு வார்த்தை இவரு பேசுனா நான் போயிடுவேன்."

போனேன்.

விடுதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் சைக்கிளில் போக முடியும். அப்புறம் தள்ள வேண்டும். அதற்கப்புறம் பாறைப் படிகள். சைக்கிளைத் தோளில் மாட்டினேன். ஒவ்வொரு அடிக்கும் பெடல் முதுகில் இடித்தது. அது வேறெதற்கும் இல்லை, என்னை எரிச்சல்படுத்துவதற்கென்றே செய்யப்பட்ட பெடல். கல் சரிந்த இடத்தில் மேலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"நீங்க விடுதிக்காரம்மாதானே? ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தோம். ரவியோலே சாப்பிடத்தான் இந்த வழியா வந்தோம்!"

"சந்தோஷம்."

"நீங்க இங்க இருக்கீங்களே, அப்போ சமைக்கிறது யாரு?"

"என் புருஷன்."

அவள் முகம் விழுந்தது. கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ நாம கையில இருக்கற ரொட்டியையே சாப்பிட்டுடலாமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது.

கல்வாசல் உச்சியில் ஒன்றும் தெரியவில்லை. இத்தாலியும் வெள்ளை, பிரான்ஸும் வெள்ளை. எல்லைக் கல்லைத் தொட்டுப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தேன் என்று தெரிந்துகொண்டேன். இதற்காகவா இத்தனை வருஷம் என்று நின்றபோது பையிலிருந்த போன் அடித்தது. எங்கள் மலைப்பக்கத்தில் கைபேசிக்கு அந்த ஒரு இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அது பஸ்தியானுக்கும் தெரியும். நான் உச்சிக்கு வரும் நேரம் பார்த்து விடுதியின் லேண்ட்லைன் பக்கத்தில் காத்திருந்திருக்கிறான்.

"இர்மா, ஈஸ்ட் எங்க இருக்கு?"

"மேல் அலமாரி. நீல டப்பா."

வைத்தேன். மறுபடி அடித்தது.

"நீல டப்பால பட்டன்தான் இருக்கு."

"அதுக்குப் பின்னாடி இன்னொரு நீல டப்பா."

மறுபடி அடித்தது.

"ஒரு ஜெர்மன் கூட்டம் வந்திருக்கு. பாலு ஆகாதாம், வெண்ணெய் ஆகாதாம், சீஸும் ஆகாதாம். என்ன குடுக்கறது?"

"வெளிய நல்ல புல்லு வளந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினேன். பத்து வளைவு இறங்கியதும் போன் ஒரு தடவை துடித்தது. எடுத்துப் பார்த்தேன். பிரான்ஸ் உங்களை வரவேற்கிறது என்று எழுதியிருந்தது. வரவேற்றதற்கு ஒரு நன்றி சொல்லி அதை அணைத்தேன்.

இறங்கும் பாதையை மழை அரித்திருந்தது. கீழே ஒரு துண்டு சமமாகத் தெரியவே சைக்கிளில் ஏறினேன். ஈரக்கல்லில் முன்சக்கரம் வழுக்கியது. நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். முழங்கை தோலுரிந்தது, அது போகட்டும். பின்சக்கரத்தில் கியர் மாற்றுகிற இரும்பு உள்பக்கம் வளைந்து கம்பிகளில் உரசியது. கையால் நிமிர்த்தப் பார்த்தேன். கல்லால் தட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒரே ஒரு கியரில் மட்டும் ஓடும் என்ற அளவுக்கு வந்தது. அதுவும் சமதரைக்கு ஏற்ற கியர். பின் பிரேக்கும் செத்துப்போயிருந்தது. மூடுபனிக்குள் உட்கார்ந்துகொண்டு, எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் இத்தாலியனில் சொல்லி முடித்தேன். பிரான்ஸில் இருக்கிறோமே என்று பிரெஞ்சில் தெரிந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டேன்.

பிரான்ஸ் பக்கத்து விடுதி புல்வெளியில் இருந்தது. உள்ளே பனிக்குப் பயந்து ஒதுங்கிய கூட்டம். ஒரு மூலையில் இடம் கிடைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மலை விடுதியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், இன்னொருத்தி நிற்கிறாள். அதை அனுபவிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மேசை துடைக்கப்படவில்லை. பரிமாறுகிற பெண் ஒரு தட்டுக்காக ஒரு தடவை, ஒரு கரண்டிக்காக ஒரு தடவை என்று நடந்துகொண்டிருந்தாள். சமையலறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அடுப்பில் ஒரு வாணலி புகைந்துகொண்டிருப்பது தெரிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. போய் அந்தத் தீயைக் குறைக்கக் கை துடித்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டேன்.

எதிரே உட்கார்ந்திருந்த பிரெஞ்சுக்காரர் பேச்சுக் கொடுத்தார். "எங்கேருந்து வர்றீங்க?"

"கல்வாசலுக்கு அந்தப் பக்கம்."

"ஓ! அந்தப் பக்கத்து விடுதியில தங்குனீங்களா? ரவியோலே பிரமாதமா இருக்குமாமே?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

"ஆனா அங்க இருக்கற அம்மா எப்பப் பாத்தாலும் கடுகடுன்னு இருப்பாங்களாம். உப்பு கேக்கவே பயமா இருக்குமாம்."

"அதையும் கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன்.

அரை மணி நேரம் கழித்து ஆம்லெட் வந்தது. ஒரு பக்கம் கருகியிருந்தது. அந்த வாணலிதான் என்று எனக்குத் தெரியும். முழுசாகச் சாப்பிட்டேன். நன்றாயிருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். அவள் கண் சிவந்திருந்தது. ரொம்ப நல்லாயிருக்கு என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் அப்படிப் பொய் சொன்னவர்கள் எத்தனை பேரோ என்று அப்போதுதான் தோன்றியது.

அங்கிருந்து சாங் வெரான் ஊர்வரை மண்சாலை. பனி விலகியது. ஒரு வளைவில் திடீரென்று கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்தது. மரக்கூரைகள், வைக்கோல் காய்கிற வயல்கள், தூரத்தில் ஒரு மணியோசை. ஒற்றைப் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி இறங்கினேன். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்பியது. வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. ஒரு மாடு தலைதூக்கிப் பார்த்தது. அந்த அரை மணி நேரம் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை.

சாலை திரும்பி ஏற ஆரம்பித்ததும் கோபம் எல்லாம் திரும்பி வந்தது. ஆட்டுக்குட்டிக் கணவாய்க்கு, அந்தக் கியரில், ஓர் இளவட்டம்கூட ஏற மாட்டான். கொஞ்ச தூரம் நின்று மிதித்தேன். கொஞ்ச தூரம் இறங்கித் தள்ளினேன். முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புலம்பின. மோட்டார் வைத்த சைக்கிளில் ஒரு கூட்டம் வியர்வையே இல்லாமல் கடந்துபோனது. "வாங்கம்மா, வாங்க! இன்னும் கொஞ்சம்தான்!" என்று கைதட்டினார்கள். கொஞ்சம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஒருவன் வேகத்தைக் குறைத்து, "முதுகுல கை வச்சுத் தள்ளி விடட்டுமா?" என்றான். நான் பார்த்த பார்வையில் மோட்டார் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ரேடியோவில் சொன்ன ஆலங்கட்டி சரியாக வந்து சேர்ந்தது. ஒதுங்க மரம் கிடையாது, அந்த உயரத்தில் புல்தான். சைக்கிளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு சாலையோரச் சுவரில் ஒண்டினேன். கல் ஹெல்மெட்டில் விழுகிற சத்தம், தகரக் கூரையில் பட்டாணி கொட்டுவது போல. நின்றதும் மறுபடி தள்ளினேன். திரும்பிப் போகலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. திரும்பினாலும் ஒரு கணவாய், போனாலும் ஒரு கணவாய்.

கடைசி வளைவைத் திரும்பியதும் உச்சியில் ஒரு வேன் நின்றது. எங்கள் வேன். பஸ்தியான் கையில் போர்வையோடு ஓடி வந்தான்.

"உயிரோட இருக்கியா! போனை ஏன் அணைச்ச? எவ்வளவு ஆலங்கட்டி! கொடு, சைக்கிளைக் கொடு, பின்னாடி ஏத்தறேன். ஏறு, ஹீட்டர் போட்டு வச்சிருக்கேன்."

"விடுதில யாரு இருக்கா?"

"டொய்னா இருக்கா."

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாப்பது பேரு. அவ தனியாவா?"

"ஏன், நீ தனியாப் பண்ணுனதே இல்லியா?"

சொன்ன பிறகு அவனுக்கே அது கேட்டது. போர்வையைக் கையில் பிடித்தபடி நின்றான். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. நான் சொல்வதற்கு எதை அவன் மிச்சம் வைத்தான்?

"நான் வேன்ல ஏற மாட்டேன்" என்றேன். "கியானாலே வரைக்கும் சைக்கிள்லதான்."

"ரோடு ஈரம். உனக்குப் பிரேக் ஒண்ணுதான் இருக்கு போலருக்கே."

"அது என் பாடு."

இறங்கினேன். முன்னால் பார்த்தால் ஈரத்தார், இரண்டு பக்கமும் வெள்ளையாக ஆலங்கட்டி. பின்னால் வேன் விளக்கு. என் நிழல் எனக்கு முன்னால் கோணல்மாணலாக ஓடியது. அவன் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தான். நான் மெதுவாகப் போனால் அவனும் மெதுவாக. ஒரு வளைவில் நிறுத்தித் திரும்பினேன்.

"முன்னாடி போய்த் தொலையேன்!"

"விழுந்துட்டா என்ன பண்றது?"

"விழுந்தா விழறேன்! நேத்து நீ எறங்கும்போது பின்னாடி யாராவது விளக்கு புடிச்சாங்களா?"

முன்னால் போனான். ஆனால் அடுத்த வளைவில் நின்று காத்திருந்தான். அதற்கடுத்த வளைவிலும். நான் வருவதைப் பார்த்துவிட்டு நகர்வான். அந்த மலையில் வளைவுக்குப் பஞ்சமில்லை. இத்தனை வருஷம் கனவு கண்ட இறக்கம், ஒவ்வொரு திருப்பத்திலும் பஸ்தியானின் முகத்தோடு முடிந்தது.

கியானாலேயில் காபிக்கடை ஜெம்மா வாசலில் நின்றிருந்தாள். சொட்டச் சொட்ட வந்த என்னைப் பார்த்தாள், எனக்கு முன்னால் நின்ற வேனைப் பார்த்தாள்.

"என்னடி இர்மா, புருஷன் வண்டியில சொகுசா வர்றான், நீ நனைஞ்சுக்கிட்டு வர்ற? சண்டையா?"

"சுத்து போயிட்டு வர்றேன், ஜெம்மா."

"இந்த மழையிலயா? நேத்துல்ல போயிருக்கணும். நேத்து என்ன வெயில்!"

பஸ்தியான் தரையைப் பார்த்தான்.

சைக்கிளைக் கம்பிவடத்தில் ஏற்றிவிட்டு இருவரும் விடுதிக்கு ஏறினோம். டொய்னா ரவியோலேயை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் களியும் சாசேஜும் போட்டுச் சமாளித்திருந்தாள். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் என் முழங்கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சா, அக்கா?"

"உச்சியில ஒண்ணுமே தெரியல. மத்தபடி..." என்று தொடங்கினேன்.

"சரி" என்று துணியைப் பிழிந்து மாட்டினாள். "நீங்க உங்க நாளை எடுத்துட்டீங்க. எனக்கு எப்போ?"

டொய்னாவும் கல்வாசலுக்கு அந்தப் பக்கம் போனதில்லை. அவள் வந்த நாளிலிருந்து ஒரு நாளும் அவளை நான் கேட்டதில்லை. என் சைக்கிளை நிழலில் நகர்த்தி வைத்தபோது அவள் என்ன நினைத்தாள் என்றும் கேட்டதில்லை. பஸ்தியான் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சத்தை என் பக்கம் திருப்ப வேண்டிவந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுநாள் நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவும் முடியவில்லை, தொடை இரண்டும் மரக்கட்டை. பலகைத் தரை வழியாகக் கீழே நடப்பதெல்லாம் கேட்டது. பஸ்தியான் உப்பைத் தேடினான். மூடி ஒன்று விழுந்து உருண்டு உருண்டு ஓய்ந்தது. யாரோ ஒருவர், உருண்டை ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டார். பஸ்தியான், அது இந்த ஊர் வழக்கம் என்றான். சிரிப்பை அடக்கப் போர்வையைக் கடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்பதைவிட, டொய்னாவும் நானும் பேசினோம், பஸ்தியான் தலையாட்டினான். மீதமிருக்கும் கோடையில் வியாழக்கிழமை தோறும் ஒருத்திக்கு விடுமுறை, அன்று அவன் அடுப்பில் நிற்பான் என்று முடிவானது. அது நாலு வியாழக்கிழமை வந்தது. ஒன்றில் டொய்னா சுற்று போனாள். சைக்கிள் வேண்டாம் என்று நடந்தே கல்வாசல் தாண்டி, சாங் வெரானில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் அங்கே வாங்கிய தேன் பாட்டிலோடு வந்தாள். ஒன்றில் நான் போனேன். கியரைச் சரிசெய்துவிட்டு, நல்ல வெயிலில். உச்சியிலிருந்து எல்லாம் தெரிந்தது. ஒரு வியாழன் மழையில் போயிற்று. இன்னொன்றில் பஸ்தியான் காலையிலேயே முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான்.

அந்த முதுகுவலி உண்மைதானா என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது.